கை தெரியாத மாலை: அர்கினூசே தளபதிகள் வழக்கு

கி.மு. 406, இலையுதிர் காலம். ஏதென்ஸின் பினிக்ஸ் குன்றில் மக்கள் பேரவை கூடியிருக்கிறது. கடற்போரில் வென்று திரும்பிய தளபதிகள் ஆறு பேர் கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறார்கள். உடைந்த கப்பல்களில் தத்தளித்த சொந்த ஊர்க்காரர்களைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. புயல் அடித்தது, முடியவில்லை என்கிறார்கள் அவர்கள். மாலுமிகள் வந்து ஆமாம் என்று சாட்சி சொல்கிறார்கள். கூட்டம் மெல்ல இளகுகிறது. நான் ஜாமீன் நிற்கிறேன் என்று பலர் எழுந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பொழுது சாய்ந்துவிட்டது. கை தூக்கி ஓட்டுப் போடும் ஊர் அது. தூக்கிய கை எண்ணுகிறவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சரி, அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்து போனார்கள்.

அடுத்த கூட்டத்தில் அந்த ஆறு பேருக்கும் மரண தண்டனை விதித்தார்கள்.

மக்களாட்சியைத் திட்ட நினைப்பவர்கள் இரண்டாயிரத்து நானூறு வருடமாகக் கையில் எடுக்கும் வழக்கு இது. "பார்த்தீர்களா, கூட்டத்தின் கையில் அதிகாரம் போனால் இப்படித்தான்" என்பார்கள். அவ்வளவு எளிதாக அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. ஏதென்ஸ் மக்களுக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது; அந்தக் கோபத்தை நிறுத்தி யோசிக்க வைக்கும் ஏற்பாடுகளும் அந்த ஊரில் இருந்தன. அவை ஒவ்வொன்றாக எப்படிக் கழன்றன என்று பார்ப்பதுதான் இந்த வழக்கில் நமக்கு வேலை.

கடைசிக் காசில் கட்டிய கடற்படை

ஸ்பார்ட்டாவுடன் போர் தொடங்கி 25 வருடம் ஆகியிருந்தது. கி.மு. 413-இல் சிசிலியில் ஒரு முழுப் படையே அழிந்துவிட்டது. 411-இல் நானூறு பேர் கொண்ட ஒரு கும்பல் மக்களாட்சியைக் கவிழ்த்துச் சில மாதம் ஆண்டது. இதையெல்லாம் தாண்டி எழுந்து நின்ற ஏதென்ஸுக்கு 406-இல் மறுபடி அடி விழுந்தது. கோனான் என்ற தளபதி 70 கப்பல்களோடு லெஸ்போஸ் தீவுப் பக்கம் இருந்தபோது ஸ்பார்ட்டாவின் கல்லிக்ராடிடஸ் துரத்தி வந்து 30 கப்பலைப் பிடித்துக்கொண்டார். மிச்சம் 40 கப்பலோடு கோனான் மிட்டிலினி துறைமுகத்தில் அடைபட்டார்.

செய்தி வந்ததும் ஏதென்ஸ் செய்ததை நம்புவது கடினம். 30 நாளில் 110 கப்பல்களை ஆள் ஏற்றி அனுப்பினார்கள். கோயிலில் இருந்த தங்க வெற்றித் தேவதைச் சிலைகளை உருக்கி நாணயம் அடித்த காலம் அது. துடுப்புப் போட ஆள் போதவில்லை. அடிமைகளையும் ஏற்றினார்கள், போரில் உழைத்தவர்களுக்கு விடுதலை கிடைத்தது. குதிரை வைத்திருக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள்கூட நிறையப் பேர் கப்பல் ஏறினார்கள். மூன்று அடுக்குத் துடுப்புக் கப்பல் ஒன்றுக்குச் சுமார் 200 பேர் தேவை. ஆக, அந்த ஊரில் ஒரு ஆளையாவது கடலுக்கு அனுப்பாத குடும்பம் அரிது. பின்னால் நடந்த வழக்கைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வழியில் சேமோஸ் தீவிலிருந்து 10, மற்ற கூட்டாளி ஊர்களிலிருந்து 30-க்கு மேல் என்று கப்பல்கள் சேர்ந்துகொள்ள, மொத்தம் 150-ஐத் தாண்டியது. லெஸ்போஸுக்கு எதிரே, ஆசியக் கரையை ஒட்டிய சின்னச் சின்ன அர்கினூசே தீவுகளின் அருகே போர் நடந்தது. கல்லிக்ராடிடஸ் மிட்டிலினியை அடைத்து நிற்க 50 கப்பலை விட்டுவிட்டு 120 கப்பலோடு வந்திருந்தார். மோதலில் அவர் கடலில் விழுந்து மறைந்துபோனார். எதிரிகள் இழந்தது எழுபது கப்பலை ஒட்டி. ஏதென்ஸ் தரப்பில் 25 கப்பல் போயிற்று. பெரிய வெற்றிதான்.

கடல் நடுவே ஒரு கூட்டம்

போர் முடிந்ததும் களத்தில் இருந்த எட்டுத் தளபதிகளும் கூடிப் பேசினார்கள். இரண்டு வேலை பாக்கி இருந்தது. உடைந்து மிதக்கும் கப்பல்களில் தொற்றிக்கொண்டிருக்கும் ஆட்களைத் தூக்க வேண்டும். மிட்டிலினியை அடைத்து நிற்கும் 50 கப்பலையும் போய் மடக்க வேண்டும்.

டயோமெடன் சொன்னார்: எல்லாரும் வரிசையாகப் போய் முதலில் நம் ஆட்களைத் தூக்குவோம். எராசினிடஸ் அதற்கு நேர் எதிர்: எல்லாரும் உடனே மிட்டிலினிக்குப் போவோம். திராசில்லஸ் நடுவழி ஒன்றைச் சொன்னார்: ஒரு பகுதியை இங்கே விட்டுவிட்டு மற்றவர்கள் போவோம். அதுவே முடிவாயிற்று. எட்டு அணியிலிருந்தும் மும்மூன்று, அதோடு வேறு சில பிரிவுகளின் கப்பல்கள் என 47 கப்பல் மீட்புக்கு ஒதுக்கப்பட்டது. மிதந்துகொண்டிருந்த உடைந்த கப்பல்கள் 12. ஒன்றுக்கு ஏறக்குறைய நாலு என்ற கணக்கு. பொறுப்பு கப்பல் தலைவர்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்களில் இரண்டு பேர் சாதாரண ஆட்கள் அல்ல. தெரமெனிஸ், திராசிபுலஸ் இருவரும் முன்பே தளபதியாக இருந்து போர் வென்றவர்கள்.

அப்புறம் புயல் வந்தது. மீட்பும் நடக்கவில்லை, மிட்டிலினிப் பயணமும் நடக்கவில்லை. அங்கே இருந்த ஸ்பார்ட்டா தளபதி தோல்விச் செய்தியை மறைத்து, தூதுப் படகை மாலை போட்டு வெற்றி முழக்கத்தோடு வரச் சொல்லித் தன் ஆட்களை ஏமாற்றி, சத்தமில்லாமல் நழுவிவிட்டார். உடைந்த கப்பல்களில் இருந்தவர்கள் கடலோடு போனார்கள். சில பேர்தான் கரை சேர்ந்தார்கள்.

மொத்த வழக்கும் இந்தக் கடல் நடுக் கூட்டத்தில்தான் அடங்கியிருக்கிறது என்பேன். தவறு நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். எட்டுப் பேருக்கும் அதில் சம பங்கு உண்டா? எல்லாரும் போய்த் தூக்குவோம் என்றவரும், தூக்க வேண்டாம் என்றவரும் ஒன்றா? இன்னொன்றும் உண்டு. அந்தத் தளபதிகளில் ஒருவருடைய கப்பலே மூழ்கிப்போய், அவரே உயிர் பிழைத்து வந்தவர். தூக்க ஆள் வராதா என்று தவித்த ஆளே தூக்கவில்லை என்ற குற்றத்துக்குக் கூண்டில் நின்றார்.

கடிதமும் கறுப்பு உடையும்

தளபதிகள் ஊருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்: புயலால் மீட்க முடியவில்லை என்று. மீட்பை யாரிடம் ஒப்படைத்தோம் என்று அதில் இல்லை. அந்தப் பெயர்களைப் போட வேண்டாம், பாவம் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று தடுத்தவர்கள் டயோமெடனும் இன்னொரு தளபதியான இளைய பெரிக்ளிஸும் என்று பின்னால் தெரியவந்தது. இப்படிச் சொல்பவர் செனபோன். அதே காலத்தில் ஏதென்ஸில் வாழ்ந்தவர், சாக்ரடீஸின் நண்பர். முன்னூறு வருடத்துக்கு மேல் கழித்து எழுதிய டயோடோரஸ் இதைத் தலைகீழாகச் சொல்கிறார். தெரமெனிஸ் முந்திக்கொண்டு ஊரைக் கிளப்பிவிட்டார் என்று சந்தேகப்பட்டுத் தளபதிகளே அவரைக் காட்டிக்கொடுத்து எழுதினார்கள். அதனால்தான் அவர் தற்காப்புக்காகத் திருப்பித் தாக்கினார் என்கிறார். இரண்டில் எது சரியோ, விளைவு ஒன்றுதான்: பழியை யார் தலையில் போடுவது என்ற போட்டி. போட்டியில் முன்னால் ஓடியவர் தெரமெனிஸ். கடிதத்தைக் கூட்டத்தில் காட்டி, புயலைத் தவிர யாரையும் குறை சொல்லாமல் நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டார். 411-இல் நானூறு பேர் ஆட்சியை அமைத்தவர்களிலும் ஒருவர், அதைக் கவிழ்த்தவர்களிலும் ஒருவர் அவர். இரண்டு காலுக்கும் பொருந்தும் நாடகக் காலணி என்று ஊர் அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தது.

பதவி பறிபோன தளபதிகளில் இரண்டு பேர், புரோட்டோமாக்கஸும் அரிஸ்டோஜெனிஸும், ஊருக்குத் திரும்பவே இல்லை. நிலைமையை மோப்பம் பிடித்துவிட்டார்கள். திரும்பிய ஆறு பேரை ஐந்நூற்றுவர் மன்றம் காவலில் வைத்தது. பிறகுதான் அந்த மாலைக் கூட்டம்.

கூட்டம் கலைந்த சில நாளில் அபட்டூரியா திருவிழா வந்தது. இதைக் கிரேக்கர்களின் பங்காளித் திருவிழா என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். மூன்று நாள் நடக்கும். ஒரே வம்சக் குழுவைச் சேர்ந்த குடும்பங்கள் கூடி, பலி கொடுத்து, விருந்து சாப்பிட்டு, புதிதாகப் பிறந்த பிள்ளைகளைக் குழுவில் சேர்ப்பார்கள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கண் தானாகத் தேடும் இடம். அந்த வருடம் எத்தனை இடம் காலியாகக் கிடந்திருக்கும்! உடல்கூடக் கிடைக்கவில்லை. புதைக்கப்படாத பிணத்தின் ஆவிக்கு அமைதி கிடையாது என்று நம்பிய சமூகம். போரில் இறந்தவர்களின் எலும்புகளை ஊருக்குக் கொண்டுவந்து அரசுச் செலவில் அடக்கம் செய்வது ஏதென்ஸின் வழக்கம். அந்தக் கடமை தவறிப்போனதுதான் முக்கியக் கோபம் என்று டயோடோரஸ் எழுதுகிறார்.

தலையை மழித்துக் கறுப்பு உடையில் பேரவைக்கு ஒரு கூட்டம் வந்தது. தெரமெனிஸின் ஆட்கள் ஏற்பாடு செய்த போலி உறவினர்கள் அவர்கள் என்கிறார் செனபோன். எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம்தான். இத்தனை ஆண்கள் மூழ்கிய ஊரில் துக்கம் காப்பவர்களை வாடகைக்கு எடுக்க வேண்டிய அவசியம் என்ன? செனபோனுக்கு ஏதென்ஸ் மக்களாட்சி மேல் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

ஒரே ஓட்டு

கல்லிக்செனஸ் என்பவர் ஐந்நூற்றுவர் மன்றத்தின் வழியாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இரு தரப்புப் பேச்சையும் போன கூட்டத்திலேயே கேட்டாயிற்று, இனி நேராக ஓட்டு. பத்து வம்சப் பிரிவுக்கும் இரண்டிரண்டு குடம். குற்றவாளி என்பவர் முதல் குடத்தில் போடட்டும், இல்லை என்பவர் இரண்டாவதில். குற்றம் என்றானால் மரணம், சொத்து பறிமுதல், அதில் பத்தில் ஒரு பங்கு அதீனா தேவிக்கு. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு.

"இரு தரப்புப் பேச்சையும் கேட்டாயிற்று" என்பதே உண்மையில்லை. போன கூட்டத்தில் தளபதிகளுக்குச் சட்டப்படி உரிய நேரம் கொடுக்கவில்லை. ஆளுக்கு நாலு வார்த்தை பேசவிட்டார்கள், அவ்வளவுதான். குடங்களையும் கவனியுங்கள். குற்றவாளி என்பதற்கு ஒன்று, இல்லை என்பதற்கு வேறொன்று. எந்தக் குடத்தை நோக்கி ஒருவர் நடக்கிறார் என்பதைப் பக்கத்தில் நிற்கும் கறுப்பு உடைக்காரர் பார்க்காமல் இருப்பது கடினம்.

அப்போது ஒருவர் எழுந்தார். மாவுப் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு மிதந்து கரை சேர்ந்தேன் என்றார். மூழ்கிக்கொண்டிருந்தவர்கள் தன்னிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார்களாம்: பிழைத்துப்போனால் ஊரில் சொல், நாட்டுக்காக நன்றாகப் போரிட்டவர்களைத் தளபதிகள் தூக்கவில்லை என்று. இதற்கு மேல் எந்த வாதம் எடுபடும்?

ஏதென்ஸ் சட்டத்தில் இதற்கென்றே ஒரு தடை இருந்தது. சட்டத்துக்குப் புறம்பான தீர்மானத்தை யாராவது முன்மொழிந்தால், எந்தக் குடிமகனும் அவர் மேல் வழக்குப் போடலாம். வழக்கு முடியும் வரை தீர்மானம் நிற்கும். யூரிப்டோலமஸ் என்பவரும் சிலரும் கல்லிக்செனஸ் மேல் அந்த வழக்கைத் தொடுத்தார்கள். மக்கள் நினைத்ததைச் செய்யவிடாமல் தடுப்பதா, கொடுமை என்று கூட்டம் கத்தியது. லிசிஸ்கஸ் என்பவர் எழுந்து, வழக்கைத் திரும்பப் பெறாவிட்டால் இவர்களையும் தளபதிகளோடு அதே ஓட்டில் சேர்த்துவிடுவோம் என்றார். திரும்பப் பெற்றார்கள்.

நான் படித்ததில் என்னை நிறுத்திய இடம் இதுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால், 411-இல், நானூறு பேர் மக்களாட்சியைக் கவிழ்த்தார்கள் அல்லவா? அவர்கள் முதலில் செய்த வேலை இதே சட்டத் தடையை நீக்கியது. அது இருக்கும்வரை தங்கள் திட்டம் நடக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்று மக்களாட்சியின் எதிரிகள் கழற்றிய தாழ்ப்பாளை இன்று மக்களே கத்திக் கழற்றினார்கள்.

அடுத்த தடை, கூட்டத்தை நடத்தும் குழு. ஐந்நூற்றுவர் மன்றத்தில் ஒவ்வொரு வம்சப் பிரிவுக்கும் 50 பேர், சீட்டுக் குலுக்கித் தேர்ந்தவர்கள். வருடத்தில் பத்தில் ஒரு பங்கு நாள் ஒவ்வொரு பிரிவின் முறை. அன்று அந்தியோக்கிஸ் பிரிவின் முறை. ஓட்டுக்கு விட மாட்டோம் என்று சிலர் மறுத்தார்கள். உங்களையும் சேர்த்து விசாரிப்போம் என்று மிரட்டல் வந்ததும் இறங்கிவந்தார்கள். ஒருவர் மட்டும் இறங்கவில்லை. சிற்பி சோஃப்ரோனிஸ்கஸின் மகன் சாக்ரடீஸ், வயது அறுபதைத் தாண்டியவர். சட்டப்படி அல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன் என்றார். வாழ்நாளில் அவர் வகித்த ஒரே அரசுப் பதவி அந்த மன்ற உறுப்பினர் பதவிதான். அன்று தலைமை வகித்தவரே அவர்தான் என்றும் செனபோன் இன்னொரு இடத்தில் எழுதுகிறார். எப்படியோ, ஒருவர் மறுத்ததால் கூட்டம் நிற்கவில்லை.

யூரிப்டோலமஸ் கடைசி முயற்சியாக ஒரு நீண்ட பேச்சுப் பேசினார். பெரிக்ளிஸ் எனக்கு உறவு, டயோமெடன் நண்பர் என்று ஆரம்பித்து அதை மறைக்காமலே சொன்னார்: அவர்களை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை, ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரியுங்கள், எந்தக் கடுமையான சட்டப்படி வேண்டுமானாலும் விசாரியுங்கள், ஒரு நாள் கொடுங்கள். கடல் நடுக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதும், மூழ்கிய கப்பலிலிருந்து தப்பிய தளபதியின் கதையும் நமக்குக் கிடைப்பது இந்தப் பேச்சில்தான்.

இரண்டு தீர்மானத்துக்கும் கை தூக்கச் சொன்னார்கள். முதல் எண்ணிக்கையில் யூரிப்டோலமஸ் வென்றார்! கூட்டம் வெறிபிடித்தது என்று கதை சொல்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அத்தனை கூச்சலுக்கும் மிரட்டலுக்கும் அப்புறமும் பெரும்பான்மைக் கை தனி விசாரணைக்குத்தான் உயர்ந்தது. மெனெக்ளிஸ் என்பவர் சத்தியம் செய்து ஆட்சேபம் தெரிவித்தார், மறுபடி எண்ணினார்கள், இந்தத் தடவை மன்றத்தின் தீர்மானம் வென்றது. குடங்கள் வந்தன. எட்டுப் பேரும் குற்றவாளிகள்.

கொல்லப்பட்ட ஆறு பேரில் பெரிக்ளிஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளிஸுக்கும் மிலேட்டஸ் ஊர் அஸ்பாசியாவுக்கும் பிறந்த மகன் அவர். அப்பாவும் அம்மாவும் இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை என்று 451-இல் சட்டம் கொண்டுவந்தவர் தந்தை பெரிக்ளிஸ். கொள்ளைநோயில் முதல் மனைவியின் இரண்டு மகன்களும் இறந்தபின், இந்த மகனுக்கு விதிவிலக்காகக் குடியுரிமை கேட்டு ஊர் முன் நின்றார். ஊர் இரங்கிச் சட்டத்தை வளைத்தது. அந்தக் குடியுரிமையால்தான் மகன் தளபதி ஆக முடிந்தது.

தண்டனைக்கு அழைத்துப் போகும்போது டயோமெடன் கூட்டத்திடம் பேசினார் என்கிறார் டயோடோரஸ். வெற்றிக்காக நாங்கள் வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடனைச் செலுத்த எங்களுக்கு இனி வாய்ப்பில்லை, நீங்கள் செலுத்திவிடுங்கள் என்றாராம். எல்லாரும் போய் நம் ஆட்களை மீட்போம் என்று கடலில் சொன்னவர் அவர்தான்.

பின்கதை

சீக்கிரமே ஊர் வருந்தியது. மக்களை ஏமாற்றியவர்கள் என்று கல்லிக்செனஸ் மேலும் நாலு பேர் மேலும் வழக்குப் பதிந்து, பிணையாளிகளிடம் ஒப்படைத்தார்கள். விசாரணைக்கு முன்பே, ஊரில் கலவரம் வந்த நேரத்தில், அவர்கள் தப்பி ஓடிவிட்டார்கள். 403-இல் கல்லிக்செனஸ் திரும்பி வந்தார். யாரும் முகம் கொடுக்கவில்லை. பட்டினி கிடந்து செத்தார்.

வழக்குக்கு அடுத்த வருடமே, 405-இல், ஈகோஸ்பொட்டாமியில் ஏதென்ஸின் கடற்படை ஏறக்குறைய முழுசாகப் போயிற்று. 404-இல் சரணடைந்தார்கள். அனுபவமுள்ள தளபதிகளைக் கொன்றதற்குக் கிடைத்த கூலி என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஈகோஸ்பொட்டாமியில் நேர்ந்த முட்டாள்தனம் தனி ரகம்; கரையில் கப்பலை நிறுத்திவிட்டு ஆட்கள் சாப்பாடு தேடிப் போன நேரத்தில் எதிரி வந்தான். அதை இந்த வழக்கின் கணக்கில் எழுத எனக்குத் துணிவில்லை.

தோல்விக்குப் பின் ஸ்பார்ட்டா ஆதரவோடு முப்பது பேர் கொண்ட கொடுங்கோல் ஆட்சி வந்தது. தெரமெனிஸ் அதிலும் ஒருவர். அவர்களுக்குள்ளேயே கிரிட்டியாஸோடு சண்டை வந்தபோது, நீதானே அர்கினூசே தளபதிகளைக் கொன்றாய் என்று கிரிட்டியாஸ் கேட்டார். முதலில் குற்றம் சாட்டியது அவர்கள்தான் என்று தெரமெனிஸ் பதில் சொன்னார். விசாரணை உரிமை உள்ளவர்களின் பட்டியலிலிருந்து தெரமெனிஸின் பெயரை அடித்து, விசாரணை இல்லாமல், விஷம் குடிக்க வைத்தார்கள்.

மீட்புப் பொறுப்பில் இருந்த இன்னொருவர், திராசிபுலஸ், நாடு கடந்து போய்ப் படை திரட்டி வந்து முப்பது பேரை விரட்டினார். மக்களாட்சி மீண்ட 403-இல் சட்டங்களை ஒழுங்குபடுத்தியபோது இப்படி ஒரு விதி போட்டார்கள்: மன்றம் போட்டதானாலும் பேரவை போட்டதானாலும், எந்தத் தீர்மானமும் சட்டத்தைவிட மேலானது அல்ல. மக்கள் நினைத்ததைச் செய்யவிடாமல் தடுப்பதா என்று கத்திய அதே பேரவை ஊர்தான் இந்த விதியை எழுதிக்கொண்டது.

399-இல் சாக்ரடீஸ் மேல் வழக்கு வந்தது. இந்தத் தடவை எல்லாம் முறைப்படி நடந்தது. தனி ஆள், தனி வழக்கு, தண்ணீர்க் கடிகாரம் வைத்து இரு தரப்புக்கும் நேரம், சீட்டுக் குலுக்கித் தேர்ந்த நடுவர்கள். பத்துத் தளபதிகளையும் சேர்த்து விசாரித்தபோது நான் ஒருவன்தான் எதிர்த்தேன் என்று அவர் அங்கே நினைவுபடுத்தினார் என்று பிளேட்டோ எழுதுகிறார். (விசாரிக்கப்பட்டது பத்துப் பேர் அல்ல, எட்டுப் பேர், ஏழு வருடத்தில் கணக்கு ஊர்ப்பேச்சில் பெருத்துவிட்டது போல.) குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு சாக்ரடீஸ் ஒரு குறையைச் சொன்னார். மரண தண்டனை வழக்குகளை மற்ற சில ஊர்களில் பல நாள் விசாரிக்கிறார்கள். இங்கே ஒரே நாளில் முடிக்கிறீர்கள். இன்னும் சில நாள் கிடைத்திருந்தால் உங்களுக்குப் புரியவைத்திருப்பேன் என்றார்.